சூட்டு மணிக்கூடு

அத்தான் படுக்கிற இடத்துக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. ஒரு மாரிகாலம் முழுவதும் இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார். ஒழுக்குப் பெருத்ததும் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றியிருக்கிறார். பிறகு முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டிருக்கிறார். அக்கா கைக்குழந்தையோடு உள்ளறையில் படுத்த காலம் அது. விறாந்தையில் நடப்பதை யார் பார்த்தார்கள்? தை பிறந்து வெயில் எறித்தபோது, காயப்போடலாம் என்று அக்கா பாயைத் தூக்கினார். பாதிப் பாய் உக்கி நிலத்தோடு நின்றுவிட்டது.

"ஒழுகுதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே?" அக்கா அழாக்குறையாகக் கேட்டார்.

"மழை விட்டிட்டுதுதானே," என்றார் அத்தான்.

இதைச் சொன்னதோடு நான் எழுந்து போய்விடலாம். ஆளை முழுக்கச் சொன்னதாகிவிடும். ஆனால் அவர் ஓட்டிய மோட்டார் வானைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அவர் நெடுந்தீவு மனிதர். சுருவிலில் எங்கள் பக்கத்து வளவான பெரியம்மா வீட்டுக்கு, பெரியம்மாவின் மகளான அக்காவை முடித்து, மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டில் குடிவந்து இருப்பான். வீடு, கிணறு, புகையிலைத் தோட்டம் எல்லாம் பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான மாப்பிள்ளைமார் வந்த மறுமாதமே கதிரையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, குசினியில் என்ன வேகிறதென்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அத்தான் மட்டும் வந்த நாள் வந்த மாதிரியே இருந்தார். மழைக்கு ஒதுங்கியவர் மாதிரி, தாழ்வாரத்தின் ஓரமாக, யாருக்கும் வழி மறிக்காமல்.

அவர் கேட்கமாட்டார். உப்பு, வெற்றிலை, கத்தரிக்கோல், விளக்கெண்ணெய், எதையும் எவரிடமும் கேட்கமாட்டார். நெடுந்தீவிலிருந்து அவருடைய தமையன் நெய்ப்போத்தலோடு வந்து, "அம்மா உன்னைப் பாக்கவேணுமெண்டு நிக்கிறா. ஒருநாள் வந்திட்டுப் போவன்ரா" என்று கெஞ்சுவார். "பாப்பம்" என்பார் அத்தான். ஒருநாள் வானை நிறுத்திவிட்டுப் போவதென்றால் வீட்டில் சொல்லவேண்டும். சொன்னால் அது கேட்டதாகிவிடும். விடியப் படகேறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேரக்கூடிய தாய்வீட்டுக்கு அவர் வருஷக்கணக்காகப் போகவில்லை.

ஏன் இப்படியென்று ஊருக்கே தெரியும். கலியாணம் பேச வந்த நாளில் அவருடைய தகப்பனார் கேட்ட கேட்பு அப்படி. பெரியம்மாவின் விறாந்தையில் சம்மணம் கொட்டி இருந்துகொண்டு வீடு கேட்டார், தோட்டம் கேட்டார், நகை கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டி முடிந்து, வெற்றிலைத் தட்டமும் நீட்டியாயிற்று. எழும்பப் போனவர் திரும்பவும் இருந்தார். கொட்டிலில் நின்ற வானைக் காட்டி, "உதையும் எழுதுங்கோ" என்றார். அது பெரியப்பா மலாயாவில் உழைத்துவிட்டு வந்து ஆசைப்பட்டு வாங்கிய வான். பெரியப்பாவின் ஆண்டுத்திவசம்கூட அப்போது முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு "ஓம்" என்றார். மாப்பிள்ளை வேலிக்கு வெளியே வண்டிலோடு நின்று ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கடை அப்பு எனக்காகக் கேட்டது, நான் சாகுமட்டும் போதும் தம்பி," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் தம்மைப் பற்றிச் சொன்ன நீளமான வசனம் அதுதான்.

பெரியம்மா இதை வேறு விதமாகப் பார்த்தார். "வாங்கவேண்டியதெல்லாம் வாங்கியாச்சு. இனி எங்களோடை அவருக்கு என்ன கதை?"

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எங்கள் ஊரில் பல வீடுகளிலும் இல்லை. மருமகன் முற்றத்தில் நின்றால் மாமி தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரமாக நிற்பார். நடுவில் ஓர் ஆள் நின்று இந்தப் பக்கத்துக் கதையை அந்தப் பக்கம் சேர்க்கவேண்டும். கொஞ்சக்காலம் அக்கா சேர்த்தார். பிறகு, "நீங்கள் ஆரையேன் பிடியுங்கோ, எனக்கு அடுப்பிலை வேலை கிடக்கு" என்று குசினிக்குள் போய்விட்டார். அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. நான் யாழ்ப்பாணத்தில் படித்து, பரீட்சை எழுதி, மறுமொழிக்குக் காத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்த காலம். எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வந்து நின்றது. வாசிக்கக் கிடைத்த விஞ்ஞானப் புத்தகங்கள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன. எங்கள் தீவில் அப்போது வேகமாக அசையக்கூடியதென்று நான் கண்டது அந்த வான் ஒன்றைத்தான். ஆகவே நான் அத்தானைச் சுற்றிக்கொண்டிருந்தேனா, வானைச் சுற்றிக்கொண்டிருந்தேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

வானும் அத்தானைப் போலத்தான் தீவுக்கு வந்தது. இரண்டு வத்தைப் படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை பரப்பி, அதில் ஏற்றிக் கடலைத் தாண்டினார்களாம். கரையில் இறக்கும்போது பலகை முறிந்து, ஓர் ஆள் கால் நசுங்கத் தப்பினாராம். "இனி இந்தச் சனியனைத் திருப்பி ஏத்தமாட்டம்" என்று வத்தைக்காரர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் போனார்கள். வந்தது வந்ததுதான். சுருவிலிலிருந்து நாரந்தனை வழியாக ஊர்காவற்றுறைத் துறைக்கு, காலையில் யாழ்ப்பாணம் போகிற மோட்டார்ப் படகான லோஞ்சுக்குச் சனத்தைக் கொண்டுபோய் விடுவது, மாலையில் ஏற்றிக்கொண்டு வருவது. அந்த ஒரு றோட்டுத்தான் அதன் உலகம்.

அந்த றோட்டில் அத்தான் வேறு ஆள். சில்லுச் சுழலத் தொடங்கினால் முதுகு நிமிரும். முணுமுணுப்பாக ஒரு பாட்டு வரும். குறுக்கே நிற்கிற மாட்டைப் பார்த்து, "அம்மா, எங்கை பயணம்? இடம் கிடக்கு, ஏறன்" என்பார். வானுக்குள் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அங்கேயும் ஒன்று: ஹோர்ன் அடிக்கமாட்டார். முன்னால் மாட்டுவண்டில் போனால் அதன் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போவார்.

"அடியுங்கோவன் அண்ணை!" என்று பின்னாலிருந்து சத்தம் வரும்.

"அவர் பாப்பார்தானே."

"எப்ப? பேரன் பிறந்த பிறகோ?"

வண்டில்காரர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து ஒதுங்கும்வரை அப்படியே போவார். ஹோர்ன் அடிப்பது வழி கேட்பது. அதையும் அவர் கேட்கமாட்டார்.

ஒரு கோடையில் வான் பொங்கத் தொடங்கியது. நாரந்தனை தாண்டி ஒரு தரவை இருக்கிறது. வீடு வாசல் கிணறு ஒன்றும் இல்லாத மொட்டை வெளி. அதன் நடுவில் போய் நின்றுகொண்டு, மூடி தெறிக்க ஆவி கக்கும். சனம் மூட்டை முடிச்சோடு இறங்கித் துறையைப் பார்த்து ஓடும். ஓடிப் போனால் லோஞ்சு நடுக்கடலில் நிற்கும். சிலர் திரும்பவும் மாட்டுவண்டிலுக்கே போய்விட்டார்கள். பெரியம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கதவோரமாக நின்று சொன்னார். முற்றத்தில் அத்தான் வானைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குச் சொல்லு மோனை. இன்னொருக்கா உது வழியிலை நிண்டு சனம் லோஞ்சைத் தவறவிட்டா, சூளைக்காரருக்குக் குடுத்துப்போடுவன். அந்தாள் எஞ்சினைக் கழட்டிக் கிணறு இறைக்கப்போகுதாம். என்ரை பிள்ளையும் ஓமெண்டிட்டாள், அவளின்ரை சொத்துத்தானே. இவர் தோட்டத்திலை துலா மிதிக்கட்டும்."

நான் திரும்பி, "அத்தான், பெரியம்மா சொல்லுறா…" என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

துணி பிடித்த கை மட்காட்டின் மேல் அப்படியே நின்றது. "ஓமெண்டு சொல்லும்," என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. துலா மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது கேவலமான வேலையல்ல; எங்கள் ஐயாவே மிதித்தவர். ஆனால் அந்த மனிதன் நிமிர்ந்து இருந்தது அந்த ஆசனம் ஒன்றில்தான். அதையும் எடுத்துவிட்டால் ஆள் முழுக்கத் தாழ்வாரத்து ஓரத்திலேயே முடிந்துபோவார்.

நான் யோசித்தேன். பொங்கின பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது. பொங்கப் போகிறதென்று முன்னரே தெரிந்தால்? நிழலில் நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, குறைந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு போகலாமே! என்னோடு படித்த ஒருவன் கொழும்பில் மோட்டார்ச் சாமான் விற்கிற கடை ஒன்றில் இருந்தான். அவன் அனுப்பிய விலைப்புத்தகத்தில் அந்தச் சாமானின் படத்தைக் கண்ட அன்று நான் கிணற்றடியில் நின்று துள்ளியது உண்மை. வட்டமான ஒரு முகம், குளிர், சூடு, கொதி என்று ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் ஒரு சிவப்புத் துண்டு, நடுவில் முள். முகத்தின் முதுகிலிருந்து ஈர்க்குத் தடிப்பில் நீளமான செப்புக் குழாய். அதன் நுனியில் சின்ன விரல் அளவில் பித்தளைக் குமிழ். குமிழ் சுடுதண்ணீருக்குள் இருக்கவேண்டும். அதற்குள் அடைத்த திரவம் சூட்டில் ஆவியாகி, குழாய் வழியே போய் முள்ளைத் தள்ளும். வைக்கோல் திணித்த பெட்டியில் அது லோஞ்சில் வந்து இறங்கியது.

அத்தான் செப்புக் குழாயை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது வாற நீளத்துக்கு ரெண்டு வானுக்குக் காணும். மிச்சத்தை வெட்டுவமே?"

"ஐயோ, வெட்டினா செத்துப்போகும் அத்தான்! மடிக்கவும் கூடாது. சுருட்டித்தான் வைக்கவேணும்."

"உயிருள்ள சாமான் எண்டு சொல்லும்."

பூட்டுவது நான் நினைத்த மாதிரி இலேசாக இருக்கவில்லை. றேடியேற்றரில் ஓட்டை போட்டுக் குமிழை வைக்கலாம் என்றேன். தலையை ஆட்டினார். அது சீதனத்தில் வந்தது. கேட்காமல் ஓட்டை போட ஏலாது. சரி, எஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் மேலே வருகிற றப்பர்க் குழாய்? அது பழசு வெடித்து, போன வருஷம் புதிதாக மாற்றியது. சீதன உறுதிப் பத்திரத்தில் அந்தத் துண்டு இல்லை! அத்தான் கொஞ்சம் யோசித்து, "அதை வெட்டலாம்" என்றார். ஊர்காவற்றுறையில் பித்தளை வேலை செய்கிற ஒருவரிடம் ஒரு மூட்டுக் குழாய் செய்வித்து, றப்பரை நடுவில் வெட்டி, குமிழை அதற்குள் இறக்கினேன்.

பிறகு முகம். சாரதிக்கு முன்னாலுள்ள பலகையில் வட்டமாக ஓட்டை வெட்டி அதில் பதிக்கவேண்டும். நான் துறப்பணத்தை எடுத்ததும் அத்தான் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இதிலை வேண்டாம் தம்பி. மாமா பாத்துப் பாத்து வார்னிஷ் பூசின பலகை."

"பெரியம்மாவிட்டைக் கேப்பம்."

"வேண்டாம்."

ஆகவே முகத்தைக் கம்பி கட்டி, கண்ணாடிக்கு நடுவில், வானுக்குள் இருக்கிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தொங்கவிட்டோம். சாரதிக்கென்று செய்த சாமான் சபைக்கு வந்துவிட்டது. ஊரவர்கள் அதற்குச் சூட்டு மணிக்கூடு என்று பேர் வைத்தார்கள்.

"என்ன மணி காட்டுது?"

"வானுக்குக் காய்ச்சல் மணி."

"அப்ப கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ அண்ணை!"

பகிடி ஒரு பக்கம் இருக்க, அது வேலை செய்தது. தரவை தொடங்கும் இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அங்கே வரும்போது முள் சிவப்பைத் தொடும். அதற்கு முன்பெல்லாம் வானை நிறுத்த வேண்டியிருந்தால் அத்தான் சனத்திடம் 'கொஞ்சம் பொறுங்கோ' என்று சொல்ல வேண்டும். அதுவே அவருக்கு உயிர் போகிற வேலை. இப்போது ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடச் சட்டம்பியார் ஒருவர் தினமும் வருவார்; அவரே முள்ளைப் பார்த்துவிட்டு, "சரி, சரி, இறங்குங்கோ, ஆறட்டும்" என்று எல்லோரையும் இறக்கிவிடுவார். ஆசனத்துக்குக் கீழே எப்போதும் இருக்கிற இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களிலிருந்து அத்தான் தண்ணீர் ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். லோஞ்சு ஒருநாளும் தவறவில்லை. கேட்கத் தெரியாத மனிதனுக்கு நான் ஒரு வாய் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனாலும் ஏன் இவ்வளவு கெதியாகச் சூடாகிறது? மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுச் சுரண்டினேன். வெள்ளையாகப் பொருக்குப் பொருக்காக வந்தது. நாக்கில் வைத்தேன். உவர்! வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் வானுக்கு வார்க்கிறார். எங்கள் பக்கத்துக் கிணறுகள் குளிக்கவும் மாட்டுக்கும்தான் உதவும். கொதித்துக் கொதித்து உப்பு உள்ளே படிந்து, வழியெல்லாம் அடைந்துபோயிருந்தது. எங்கள் வீட்டுப் பழம்புளி முழுவதையும் கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, மண்ணிறமாக வந்ததை வடித்தேன். அம்மா என்னைத் திட்டியது வேறு கதை. சில நாள் முள் நடுவில் நின்றது. பிறகு பழையபடி ஏறியது. அதே கிணறுதானே.

நல்ல தண்ணீர் வேண்டும். பெரியம்மா வீட்டுக்குச் சாட்டி என்கிற ஊரிலிருந்து பீப்பாவில் நல்ல தண்ணீர் வண்டிலில் வரும். குடிக்க, சோறு சமைக்க. குசினிக்குப் பக்கத்தில் பெரிய சாடி நிறைய நிற்கும்.

அத்தானுக்குச் சொன்னேன். "பாப்பம்," என்றார்.

நானே பெரியம்மாவிடம் போனேன்.

"உனக்கு வேணுமோ, அவருக்கு வேணுமோ?"

"வானுக்கு வேணும், பெரியம்மா."

"வானுக்கு வாய் இல்லை. அவருக்கு இருக்குத்தானே?" அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை நிலத்தில் வைத்தார். "மோனை, நான் என்ன பேயே? தகப்பன் கேட்டார், அது தகப்பனோடை போச்சு. இந்தப் பிள்ளை என்ரை வாசலுக்கு வந்து இத்தனை வருசத்திலை 'மாமியிட்டை இதைக் கேளும்' எண்டு ஒரு ஆளை அனுப்பினதில்லை. நனைஞ்ச பாயிலை படுத்தார், சொல்லேல்லை. ஊர் என்ன சொல்லும்? நான் குடுக்கேல்லை எண்டுதானே சொல்லும்? கேக்கட்டும். ஒருக்காக் கேக்கட்டும். சாடியோடை தாறன்."

திரும்பி வந்து அத்தானிடம் சொன்னேன். கதவுக்கும் கொட்டிலுக்கும் இடையில் தூரமில்லை. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். பம்பரம்போலச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "வேப்பமரத்தடி வரைக்கும் போகுதுதானே," என்றார்.

வைகாசியில் யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவின் இனத்தவர் வீட்டில் ஒரு கலியாணம். அந்த வான் சீதனமாகப் போன பிறகு பெரியம்மா அதில் ஏறியதே இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறினார். வாழைக்குலை, பனங்கட்டிக் குட்டான்கள், பலகாரப் பெட்டிகள். சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் மாமி இருக்க முடியாது. அங்கே குலையும் குட்டான்களும் ஏறின. பெரியம்மா பின்பக்க வாங்குப் பலகையின் முன்மூலையில், தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தார். மடியில் ஒரு மண் கூசா நிறையச் சாட்டித் தண்ணீர், வாயைத் துணியால் கட்டி. எங்கே போனாலும் அந்தத் தண்ணீர்தான் குடிப்பார். சனம் நிறைந்துவிட்டதால் நான் கடைசியில் மிதிபலகையில் தொங்கினேன்.

சோளகக் காற்று முதுகுப் பக்கமாக அடித்தது. முன்னாலிருந்து காற்றே இல்லை. வேப்பமரத்துக்கு வரும் முன்னரே முள் சிவப்புக்குள் போய்விட்டது. அத்தான் நிறுத்தினார். நான் ஓடிப்போய் ஆசனத்துக்குக் கீழே கையை விட்டேன். கையில் அகப்பட்டது பலகாரப் பெட்டி.

"தகரம் எங்கை அத்தான்?"

"இறக்கினவை."

"ஆர்?"

"பெட்டி வைக்க இடமில்லையெண்டு வேலைக்காரப் பெடியன் இறக்கினவன்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

என்ன செய்வது? சுற்றிலும் வெட்டை. ஊர்காவற்றுறைப் பக்கம் லோஞ்சின் முதல் ஊதல் கேட்டது. நான் நேரே பெரியம்மாவிடம் போனேன். "பெரியம்மா, கூசாத் தண்ணியைத் தாங்கோ. துறைமட்டும் காணும்."

எல்லோரும் கூசாவைப் பார்த்தார்கள். பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. தலைப்புக்குள்ளிருந்து வெளியே வெட்டையைப் பார்த்துக்கொண்டு, உரக்கவே சொன்னார். "நான் தரமாட்டன் எண்டு சொல்லேல்லை. அவர் வாயைத் திறக்கட்டும்."

சட்டம்பியார் மெல்ல, "தம்பி, ஒரு சொல்லுத்தானே," என்றார் அத்தானைப் பார்த்து.

அத்தான் எஞ்சின் மேல் போனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வியர்வை தாடையால் வடிந்தது. ஆவி மெலிந்து வந்தது. போனற்றை மூடினார். கைபிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்பினார். "ஏறுங்கோ," என்றார்.

தரவை வழியே, வாங்கில் முன்னாலிருந்த சட்டம்பியார் முள்ளை வாசித்துக்கொண்டு வந்தார். "ஏறுது… ஏறுது… சிவப்பு." என் இடத்திலிருந்து முள் தெரியவில்லை. பெரியம்மாவின் கைகள் தெரிந்தன. கூசா வாயில் கட்டியிருந்த துணியின் முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மற்றதும் அவிழ்ந்தது. துணியை எடுத்து மடியில் வைத்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனார்.

"இறங்கீட்டுது!" என்று சட்டம்பியார் கத்தினார். "முள்ளு இறங்கீட்டுது!"

வானே ஆரவாரித்தது. யாரோ கைதட்டினார்கள். பெரியம்மா பெருமூச்சு விட்டார். துணியை எடுத்து, கூசாவைத் திரும்பவும் இறுக்கிக் கட்டினார்.

எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் குமிழ் மேல் குழாயில் இருக்கிறது. தண்ணீர் வற்றி அந்தக் குழாய்க்குக் கீழே போய்விட்டால் குமிழ் வெறும் குழாய்க்குள் தொங்கும், முள் விழும். எஞ்சின் எரிகிற நேரத்தில் அது குளிரென்று காட்டும். பூட்டின அன்றே இதை அத்தானுக்கு விளங்கப்படுத்தியிருந்தேன்.

"நிப்பாட்டுங்கோ! தண்ணி முடிஞ்சுது! நிப்பாட்டுங்கோ அத்தான்!"

"இவருக்கு ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம்," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சாரதிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் அத்தானின் முகம் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும். பாதத்தை இன்னும் அழுத்தினார்.

கடல் தெரிகிற றோட்டு முடக்கில் உள்ளே இரும்பு கடிபடுகிற ஒரு சத்தம் எழுந்தது. எண்ணெய் கருகிய மணம். பிறகு ஒரு பெரிய உதறல்; சில்லுகள் இழுபட்டு, வான் றோட்டுக்குக் குறுக்கே நின்றது. சனம் குதித்து ஓடியது. துறை கிட்டத்தில்தான், எல்லோரும் லோஞ்சைப் பிடித்துவிட்டார்கள். பெரியம்மா மட்டும் இறங்கவில்லை.

சூளைக்காரர் பிறகு வந்து கைபிடியைச் சுழற்றப் பார்த்தார். அது அசையவே இல்லை. எஞ்சின் வேண்டாமென்று சில்லுகளை மட்டும் கொண்டுபோனார். அத்தான் தோட்டத்துக்குப் போனார். எனக்கு மறுமொழி வந்து, உத்தியோகம் கிடைத்து, நான் கொழும்புக்குப் புறப்பட்ட காலையிலும் துலாவில் அங்குமிங்கும் நடந்துகொண்டுதான் நின்றார். போய்வருகிறேன் என்று கையைக் காட்டினேன். துலாக் கயிற்றை விடாமலே தலையை மட்டும் அசைத்தார். அவரை நினைத்தால் ஆனால் எனக்கு அந்தத் துலா வருவதில்லை. முடக்கில் குறுக்கே நின்ற வான்தான் வரும்.

அன்றைக்கு லோஞ்சு ஊதிவிட்டுப் போனது. வெயிலில் நாங்கள் மூவர். அத்தான் போனற்றைத் திறக்கக்கூட இல்லை. மட்காட்டில் சாய்ந்து நின்றார். பெரியம்மா வாங்கிலிருந்தபடி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அவரைக் கேள் மோனை. ஏன் கேக்கேல்லையாம்? 'தாங்கோ' எண்டு ஒரு சொல். நான் அவிட்டனான். நீயும் பாத்தனிதானே? முள்ளு இறங்கினபடியாலைதான் திரும்பக் கட்டினனான். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பஞ்சமோ எண்டு கேள்."

நான் அத்தான் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

"நீர் விடும் தம்பி," என்றார்.

கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தார். பெரியம்மா இருந்த மூலைக்கு நேரே வந்து நின்றார். இவ்வளவு கிட்ட அவர் வந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மாவின் தலைப்பு தோளில் விழுந்து கிடந்தது. அதை இழுத்துவிட அவருக்குத் தோன்றவில்லை. கூசாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"முள்ளு சிவப்பிலை நிண்டதை நீங்களும் பாத்தனீங்கள்தானே, மாமி," என்றார் அத்தான்.